இருபது ஆண்டு நண்பன் ஆறே சுற்றில் பகைவன்: ஷோகன் 2 ஆட்டத்தின் அரசுறவு நியாயமா?

மேட்டுத்தெரு | பதிவு 1

பழைய ஜப்பானின் குலப்போர்களை வைத்துச் செய்த கணினி ஆட்டமான டோட்டல் வார்: ஷோகன் 2 வெளிவந்தது 2011இல். தள்ளுபடியில் வாங்கி மூலையில் போட்டிருந்ததை இப்போதுதான் முழுமூச்சாக ஆடுகிறேன். பழைய ஆட்டக்காரர்கள் இதைப் பேசிச் சலித்திருப்பீர்கள். இருந்தாலும் என் ஆற்றாமையைக் கொட்ட வேறு இடமில்லை.

சோசோகாபே குலத்தை எடுத்துக்கொண்டு 1545இல் தோசாவிலிருந்து தொடங்கினேன். ஷிகோகு தீவு முழுவதும் கைக்கு வருவதற்கு முன்பே, கியூஷூவில் வளர்ந்துகொண்டிருந்த ஷிமாசு குலத்தோடு 1548 வசந்தத்தில் கூட்டணி வைத்தேன். என் மகளை அவர்கள் வீட்டில் மணம் செய்து கொடுத்தேன். அவர்களுடைய பகைவர்கள் மூவரோடு, எனக்கு ஒரு காசு ஆதாயமில்லாத போர்களில் இறங்கினேன். ஒரு வாக்கையும் மீறவில்லை; ஒரு கோட்டையையும் கொள்ளையிடவில்லை; என் தலைவரின் நன்மதிப்பு உச்சத்திலேயே இருந்தது.

1567 இலையுதிர் காலத்தில் ஹரிமா கோட்டை விழுந்தது. குலத்தின் புகழைக் காட்டும் அளவு நிரம்பியது. நாட்டின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகன் என்னை நாட்டுக்குப் பகைவனாக அறிவித்தார். ஆட்டக்காரர்கள் 'ரெல்ம் டிவைட்' என்று சொல்லும் கட்டம் இதுதான். அந்த நொடியிலிருந்து எல்லாக் குலங்களின் மனநிலைக் கணக்கிலும் என் பெயருக்கு நேராக ஒரு கழித்தல் எண் ஏறியது; சுற்றுக்குச் சுற்று அது பெரிதாகிக்கொண்டே போயிற்று. வணிக உடன்படிக்கைகள் ஒவ்வொன்றாக அறுந்து, பருவத்துக்கு ஒன்பதாயிரம் கோக்குக்கு (ஆட்டத்தின் பணக் கணக்கு) மேல் வந்துகொண்டிருந்த வருமானம் மூவாயிரத்துக்கு இறங்கியது. ஆறாவது சுற்றில் ஷிமாசு போர் அறிவித்தது. ஒரு சுற்று என்பது ஒரு பருவம். ஆக, இருபது ஆண்டு உறவு கரைவதற்கு ஒன்றரை ஆண்டு போதுமானதாக இருந்தது.

என் கேள்விகள் இரண்டு. இது வரலாற்றுக்கு நியாயம் செய்கிறதா, அல்லது கடைசிக் கட்டத்தைக் கடினமாக்க ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் கண்ட குறுக்குவழியா? இரண்டாவது, மூன்று திசைகளிலிருந்தும் முழுப்படைகள் வருகின்றன. களத்தில் எப்படித் தாக்குப்பிடிப்பது?

கடிகாரம் | பதிவு 2

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: நியாயம் செய்கிறது.

1570இல், ஜப்பானை ஒன்றாக்கக் கிளம்பிய ஓடா நொபுனாகாவுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கியோட்டோ அவர் பிடியில். அவரே பதவியில் அமர்த்திய அஷிகாகா யோஷியாக்கிதான் ஷோகன். தங்கை ஓஇச்சியை வடக்கு ஓமியின் அசாய் நாகமாசாவுக்கு மணமுடித்துக் கொடுத்து, தலைநகருக்குப் போகும் வழியையும் பத்திரப்படுத்திவிட்டார். உங்களுடைய ஷிமாசுவைப் போலவே மணத்தால் கட்டிய உறவு. அந்த ஆண்டு எச்சிசென் நாட்டின் அசாகுரா குலத்தின்மீது அவர் படையெடுத்து, கானேகாசாகி வரை முன்னேறி நிற்கையில், மைத்துனர் நாகமாசா முதுகுப்புறமாகக் கிளம்பினார். இரு முனையும் கட்டிய பையில் சிவப்புப் பயற்றைப் போட்டு ஓஇச்சி அண்ணனுக்கு அனுப்பினாள் என்றும், 'நீ இரண்டு பக்கமும் கட்டப்பட்ட பைக்குள் இருக்கிறாய்' என்ற செய்தியை அதிலிருந்து அவர் படித்துக்கொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும், நொபுனாகா பின்காவலுக்கு ஆளை விட்டுவிட்டுக் கியோட்டோவுக்கு ஓடியது உண்மை.

அதோடு முடிந்ததா? அதே ஆண்டில் இஷியாமா ஹோங்கான்ஜி மடம் ஆயுதம் எடுத்தது. யோஷியாக்கி ஊர்ஊராகக் கடிதம் அனுப்பி நொபுனாகாவுக்கு எதிராக ஆள் சேர்த்தார். 1572இல் கிழக்கிலிருந்து தகேதா ஷிங்கென் கிளம்பினார். புகழ் ஒரு வரம்பைத் தாண்டியதும் ஷோகனே நாட்டைத் திரட்டி எதிரே நிறுத்துவது என்றால் இதைத் தவிர வேறென்ன? ரெல்ம் டிவைட் கற்பனையன்று, 1570ஆம் ஆண்டின் ஆட்ட வடிவம்.

ஆற்றுமணல் | பதிவு 3

கடிகாரம் சொன்ன நிகழ்ச்சிகள் எல்லாம் சரியானவை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் சரியில்லை.

முதலில், நொபுனாகாவுக்கு எதிரான அந்தக் கூட்டணியில் சேராதவரைப் பார்ப்போம். மிகாவாவின் தோகுகாவா இயேயாசு 1562இல் கியோசுவில் நொபுனாகாவோடு உடன்பாடு செய்துகொண்டார். 1570இல் அனேகாவா ஆற்றங்கரையில் நொபுனாகாவுக்குத் துணையாக நின்றவர் அவர். 1573 தொடக்கத்தில் ஷிங்கெனிடம் மிகதாகாஹாராவில் அடிவாங்கியவரும் அவர். 1579இல் இயேயாசுவின் மனைவியும் மூத்த மகன் நொபுயாசுவும் உயிரிழந்த நிகழ்வில் நொபுனாகாவின் கட்டளை இருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதற்குப் பிறகும் அந்த உறவு அறுபடவில்லை. 1582இல் நொபுனாகா இறக்கும் வரை, சரியாக இருபது ஆண்டுகள் நீடித்தது. மேட்டுத்தெரு ஷிமாசுவோடு வைத்திருந்த உறவுக்கும் அதே வயதுதான். ஆட்டத்தின் கணக்குப்படி இயேயாசு 1571 வாக்கிலேயே பகைவராகியிருக்க வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானின் மிகப் பெயர்பெற்ற கூட்டணிக்கே இடமில்லாத விதியை வரலாற்று விதி என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, எதிர்த்தவர்கள் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. அசாய் குலத்துக்கு அசாகுராவோடு தலைமுறைகளாக வந்த நன்றிக்கடன் இருந்தது. அதை மதிக்காமல் படையெடுத்ததால் வந்த பகை அது. ஹோங்கான்ஜிக்குத் தன் மடங்களும் ஊர்களும் பறிபோகும் அச்சம். ஷிங்கெனுக்குத் தோதோமி நிலத்தின்மேல் கண். நொபுனாகா பெரியவராகிவிட்டார் என்பது இவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கட்டிய கயிறு. ஆனால் விறகு தனித்தனி விறகுதான், கயிறு அறுந்தபோது தனித்தனியாகவே சிதறியது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. அந்தப் போர்களில் சமாதானமே ஓர் ஆயுதமாக இருந்தது. 1570 கடைசியில் அசாய், அசாகுரா படைகள் ஹியேய் மலையில் ஏறி அமர்ந்து நொபுனாகாவை நகரவிடாமல் பிடித்துவைத்திருந்தபோது, பேரரசரும் ஷோகனும் இடையில் நின்ற ஒரு சமாதானத்தின் வழியாக அவர் அந்தச் சுருக்கிலிருந்து வெளியே வந்தார். அடுத்த ஆண்டு அதே மலையின் மடங்களைக் கொளுத்தினார். பத்தாண்டு இழுத்த ஹோங்கான்ஜிப் போரும் 1580இல் பேரரசரின் தூதால்தான் முடிந்தது. ஆட்டத்தில் ரெல்ம் டிவைட் வந்தபின் சமாதானத் தூது அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் தூதுக்குரிய திரையைத் திறந்து மூடுவதோடு சரி.

சிவப்புமசி | பதிவு 4

ஒரு சிறு ஒப்பீடு. இதே சிக்கலை யூரோபா யுனிவர்சலிஸ் 4 என்ற இன்னொரு கணினி ஆட்டம் வேறு விதமாகக் கையாள்கிறது. நீங்கள் ஒரு நிலத்தைப் பறித்தால் அதனால் எழும் அச்சம் எல்லோருக்கும் ஒரே அளவில் ஏறுவதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கும், பறிகொடுத்தவனின் சமயத்தையும் பண்பாட்டையும் சேர்ந்தவனுக்கும் அதிகமாகவும், தொலைவில் இருப்பவனுக்குக் குறைவாகவும் ஏறுகிறது. ஜெர்மானியச் சிற்றரசுகளுக்கு நடுவே இரண்டு ஊரைப் பிடித்தால் இருபது பேர் எழுந்து வருவார்கள். அதே அளவு நிலத்தை வேறொரு மூலையில் பிடித்தால் சொந்தக்காரனைத் தவிர ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டுகள் போகப்போக அச்சம் தணியவும் செய்கிறது. போர் முடிந்து ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும் நாடு உங்களுக்கு எதிரான கூட்டணியில் சேர முடியாது என்பதால், அதற்காகவே சிறு போர் ஒன்றை நடத்தி முடித்து ஒப்பந்தம் வாங்கும் ஆட்டக்காரர்களும் உண்டு. வெட்கமில்லாத தந்திரம்தான். ஆனால் சமாதானம் ஓர் ஆயுதம் என்று ஆற்றுமணல் சொன்னது அங்கே உயிரோடு இருக்கிறது.

ஷோகன் 2இல் கோபத்துக்கு ஊர்வழி தெரியாது. வடகோடி மூட்சுவில் இருப்பவனும் பக்கத்துக் கோட்டைக்காரனும் ஒரே நாளில் ஒரே அளவில் சினக்கிறார்கள்.

மேட்டுத்தெரு | பதிவு 5

வரலாற்றுப் பாடம் சுவையாகப் போகிறது. ஆனால் ஷிகோகுவின் இயோ கரையில் ஷிமாசுவின் இருபது பிரிவுப் படை இறங்கி நிற்கிறது ஐயா. கோட்டைக்குள் எனக்கு இருப்பது ஈட்டி ஆஷிகாரு (எளிய காலாட்படை) ஐந்து பிரிவு, வில் ஆஷிகாரு நான்கு, ஒரு படைத்தலைவர். இந்தச் சுற்றை முடிக்காமல் சேமித்துவைத்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பழஞ்சேவகன் | பதிவு 6

தம்பி, முதலில் ஒன்று: வெளியே இறங்கிப் போர் கொடுக்காதீர்கள். மிகதாகாஹாராவில் இயேயாசு செய்த பிழை அதுதான். தகேதா படை ஹமாமாட்சு கோட்டையை முற்றுகையிடாமல் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. தன்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான படை என்று தெரிந்தும், கண்முன்னே கடந்து போகிறானே என்ற பொருமலில் இயேயாசு வெளியே வந்தார். இருட்டுவதற்குள் படை சிதறி, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு கோட்டைக்குத் திரும்பினார். கதவுகளைத் திறந்தே வைத்து, தீப்பந்தம் ஏற்றி, முரசு கொட்டச் சொன்னார் என்றும், உள்ளே ஏதோ பொறி இருக்கிறது என்று துரத்தி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள் என்றும் கதை சொல்வார்கள். கணினி எதிரிக்கு அந்த ஐயமெல்லாம் வராது, கதவைத் திறந்துவைத்தால் நேரே உள்ளே வந்துவிடும்.

கோட்டைக்குள் இருந்தால் உங்கள் ஒன்பது பிரிவுக்கு இருபதின் மதிப்பு உண்டு. உங்களுடையது சோசோகாபே; வில்லாளிகளில் உங்களுக்கு இயல்பாகவே மேன்மை இருக்கிறது. நான் செய்வது இது. நான்கு வில் பிரிவுகளையும் ஒரே சுவரில் வரிசையாக நிறுத்துவதில்லை. எதிரி எந்தப் பக்கம் அணிவகுக்கிறான் என்று பார்த்து, அந்தச் சுவரில் இரண்டு, அதன் பக்கவாட்டு மூலைகளில் ஒவ்வொன்று. ஏறி வருபவனுக்கு முன்னிருந்தும் விலாவிலிருந்தும் அம்பு விழ வேண்டும். இந்த ஆட்டத்தில் ஏணி தேவையில்லை. வீரர்கள் கல்லைப் பற்றிக்கொண்டே மேலேறுவார்கள், கையால் வாள் வீச முடியாத அந்த நேரத்தில் சிலர் வழுக்கி விழுந்தே சாவார்கள், மேலே வந்து சேருபவனும் களைத்திருப்பான். ஷிமாசுவின் பெருமையே கத்தானா வாள் ஏந்திய சாமுராய்கள்தான். சமதரையில் உங்கள் ஈட்டிக்காரனை அவன் கீரைத்தண்டைப் போல நறுக்குவான். சுவரில் ஏறிக் களைத்து, ஒருவர் பின் ஒருவராகத் தலைகாட்டும் சாமுராயை எதிர்கொள்ள ஆஷிகாருவே போதும்.

ஈட்டிச் சுவர் அணியைச் சுவரோரமாக விரிக்காதீர்கள். அது குதிரையை நிறுத்துவதற்கானது, அந்த அணியில் நிற்பவன் பக்கவாட்டில் திரும்பவே திணறுவான். அதை வாயிற்கதவுக்கு உள்ளே, கதவை நோக்கி ஒரு பிரிவு மட்டும் நிறுத்துங்கள். மற்ற நான்கும் நடுமுற்றத்தில் காத்திருந்து, எந்தச் சுவரில் எதிரியின் தலை தெரிகிறதோ அங்கே ஓட வேண்டும். கீழ் அடுக்கு போனால் போகட்டும். மேல் அடுக்குக்குப் பின்வாங்கத் தயங்காதீர்கள்; ஒவ்வொரு அடுக்கும் எதிரிக்கு இன்னொரு முறை ஏற வேண்டிய சுவர்.

கடைசியாக, எதிரியின் படைத்தலைவரைக் கண்ணில் வைத்திருங்கள். கணினி பொறுமையிழந்து அவரைச் சுவருக்கு அருகே கொண்டுவரும் நேரம் ஒன்று வரும். அப்போது நான்கு வில் பிரிவும் அவர் ஒருவரையே குறிவைக்கட்டும். அவர் விழுந்தால் ஏறிக்கொண்டிருப்பவர்களின் நெஞ்சுரம் சட்டென்று இறங்கும். பாதிப் படை கல்லை விட்டுக் கீழே குதித்து ஓடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இது இந்த முறைக்கு. அடுத்த முறை அவனைக் கரையேற விடாதீர்கள். படையை ஏற்றிய கப்பல்கள் மூழ்கினால் படையும் சேர்ந்து மூழ்கும். நான்கு வில் கப்பல்களுக்கு ஆகும் செலவில் இருபது பிரிவுகளைத் தண்ணீரிலேயே முடித்துவிடலாம்.

நெல்வயல் | பதிவு 7

பழஞ்சேவகன் ஐயா சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கலாமா? துப்பாக்கி ஆஷிகாரு வைத்து, வரிசை மாற்றிச் சுடும் திறனையும் கற்றுக்கொண்டால் வேலை எளிது. 1575இல் நாகாஷினோவில் நொபுனாகா 3,000 துப்பாக்கிகளை மூன்று வரிசையாக நிறுத்தி, மாறிமாறிச் சுட்டுத்தானே தகேதா குதிரைப்படையை ஒழித்தார்?

பழஞ்சேவகன் | பதிவு 8

ஆட்டத்தில் நல்ல யோசனைதான். வரலாற்றில் அந்த மூன்று வரிசை முறை நடந்ததா என்பதை இன்று பல வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். 3,000 என்ற எண்ணிக்கையிலும் சச்சரவு உண்டு. நாகாஷினோவில் உறுதியாகத் தெரிவது, நொபுனாகாவும் இயேயாசுவும் ஓடைக்குப் பின்னால் மரவேலி அடித்து, எதிரி தங்களிடம் வந்து மோதும்படி செய்தார்கள் என்பதே. எதிரியை அங்கே வரவழைத்தது எது? நாகாஷினோ கோட்டைக்குள் முற்றுகையைத் தாங்கிக்கொண்டிருந்த சிறு காவற்படை. நான் மேலே சொன்னதும் அதுவேதான்: கோட்டையை எதிரிக்குத் தூண்டில் புழுவாக ஆக்குவது.

கோட்டை எவ்வளவு பெரிய படையை விழுங்கும் என்பதற்கு 1600ஐப் பாருங்கள். இயேயாசுவின் மகன் ஹிதெதாதா ஏறத்தாழ 38,000 பேரோடு செக்கிகாஹாராவுக்குப் போகும் வழியில், உயெதா கோட்டையில் இருந்த சனாதா மசாயுகியின் சில ஆயிரம் பேரை முதலில் ஒரு கை பார்ப்போம் என்று நின்றார். கோட்டையும் விழவில்லை, நாட்டின் தலைவிதியை முடிவுசெய்த போருக்கும் அவர் வந்து சேரவில்லை. அப்பா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பார்கள்.

ஆற்றுமணல் | பதிவு 9

களப்பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். பதிவு 3இல் நான் எதை மறுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எதை எதிர்பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

ஷோகன் 2 நமக்குத் தருவது நொபுனாகாவின் நாடு: சுற்றிலும் பகை, ஒவ்வொரு கோட்டையாக அடித்துப் பிடிக்க வேண்டும். ஆனால் நாட்டை ஒன்றாக்கி முடித்தவர் நொபுனாகா அல்லர், அவருடைய படைத்தலைவராக இருந்த ஹிதெயோஷி. 1582இல் நொபுனாகா இறந்தபின் 1590க்குள் அதை முடித்தார். எட்டே ஆண்டுகள். எல்லோரையும் அழித்திருந்தால் எட்டு ஆண்டில் முடிந்திருக்காது. மேட்டுத்தெரு ஆடும் சோசோகாபே குலத்தையே பாருங்கள். அதன் தலைவர் மோட்டோசிக்கா ஷிகோகுவை ஏறக்குறைய முழுதும் பிடித்திருந்த வேளையில், 1585இல் ஹிதெயோஷியின் பெரும்படை தீவில் இறங்கியது. மோட்டோசிக்கா பணிந்தார், தீவின் மற்ற மூன்று மாகாணங்களையும் இழந்து, தோசாவை மட்டும் வைத்துக்கொண்டார். 1587இல் ஷிமாசு பணிந்தது. சத்சுமா அவர்களிடமே இருந்தது. மோரியும் உயெசுகியும் பேச்சுவார்த்தை வழியாகவே உள்ளே வந்தார்கள். வேரோடு பிடுங்கப்பட்ட பெரிய குலம் என்றால் ஓடவாராவில் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கி 1590இல் சரணடைந்த ஹோஜோதான் முதலில் நினைவுக்கு வரும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 1584. கோமாக்கி, நாகாகுதே களங்களில் ஹிதெயோஷியும் இயேயாசுவும் நேருக்கு நேர் நின்றார்கள். நாகாகுதேயில் இயேயாசு தெளிவாக வென்றார். ஆட்டமாக இருந்தால் 'வீர வெற்றி' என்று பொன்னெழுத்தில் திரையில் வரும். ஆனால் நொபுனாகாவின் மகன் நொபுகாட்சுவின் உரிமையைக் காக்கிறேன் என்று சொல்லித்தான் இயேயாசு போருக்கு வந்திருந்தார். ஹிதெயோஷி என்ன செய்தார் தெரியுமா? இயேயாசுவை விட்டுவிட்டு நொபுகாட்சுவிடம் தனியாகப் பேசிச் சமாதானம் செய்துகொண்டார். யாருக்காகப் போரிடுகிறேன் என்று சொல்லி வந்தாரோ அவரே வீட்டுக்குப் போய்விட்டார். களத்தில் வென்ற இயேயாசு படையைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகும் இயேயாசு நேரில் வந்து பணியவில்லை. 1586இல் ஹிதெயோஷி தன் தங்கை அசாஹியை, அவளுடைய கணவனிடமிருந்து பிரித்து, இயேயாசுவுக்கு மணமுடித்து அனுப்பினார். அப்போது அவளுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அதுவும் போதவில்லை என்றதும் தன் வயதான தாயையே ஒகாசாகிக்கு அனுப்பிவைத்தார். மகளைப் பார்க்கப் போகிறாள் என்பது பெயருக்கு, உண்மையில் பிணை. இயேயாசு ஒசாக்காவுக்கு வந்து பணிந்தார்.

வலியவன் எளியவனுக்குத் தாயைப் பிணையாகக் கொடுத்த நிகழ்ச்சி இது. ஷோகன் 2இல் பிணை கொடுக்கும் வசதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை யார் பயன்படுத்துகிறோம்? தொடக்கத்தில், மூன்று பிரிவுப் படையோடு நடுங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு வணிக உடன்படிக்கைக்காக. வலிமையின் உச்சியில் நிற்கும்போது அந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. எந்தப் பிணையும் சுற்றுக்குச் சுற்று வளரும் கழித்தல் எண்ணை நிரப்பாது. என் குறை இதுதான்: கூட்டணி எழுவது தவறன்று, அதை அவிழ்க்கக் கையில் ஒரு முடிச்சும் தராததுதான் தவறு.

கடிகாரம் | பதிவு 10

நாகாகுதே எடுத்துக்காட்டுக்கு என்னிடம் மறுமொழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 1570ஐ மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிட்டேன்.

இருந்தாலும் வடிவமைத்தவர்கள் பக்கம் ஒரு சொல். இந்த வகை ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நோய்: பாதிக்கு மேல் வந்துவிட்டால் வெற்றி உறுதி, மீதி வெறும் துப்புரவுப் பணி. அதே வரிசையில் 2006இல் வந்த மெடீவல் 2இல், ஐரோப்பாவில் பாதியைப் பிடித்தபின் நான் முடிக்காமல் விட்ட ஆட்டங்களைக் கணக்கெடுத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். ஷோகன் 2இல் அப்படி ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை. காரணம் ரெல்ம் டிவைட். அது வருமே என்ற அச்சத்தில்தான் பொருள் சேர்த்தேன், துறைமுகங்களைக் காத்தேன், கியோட்டோவைத் தொடாமல் அதன் வாசலில் ஐந்து ஆண்டு உட்கார்ந்திருந்தேன். இதன் தொடர்ச்சியாக 2012இல் வந்த ஃபால் ஆஃப் தி சாமுராயில் இதைக் கொஞ்சம் செப்பனிட்டார்கள். பேரரசர் பக்கமா, ஷோகன் பக்கமா என்று நாடு இரண்டாகப் பிரிவதால், உங்கள் பக்கத்தில் நிற்கவும் சிலர் இருப்பார்கள். தனிக் குடியரசு என்று அறிவித்தால் மட்டும் பழைய தனிமை.

முடிச்சே இல்லை என்று ஆற்றுமணல் சொன்னதில் ஒரு திருத்தம். தூதுத் திரையில் இல்லை, வரைபடத்தில் உண்டு. மெட்சுகே என்ற ஒற்றர் அதிகாரியை வைத்து எதிரியின் படைத்தலைவரைப் பணத்தால் வாங்கலாம். செக்கிகாஹாராவை நினைத்துப் பாருங்கள். இயேயாசு அந்தப் போருக்கு முன் எடோவில் உட்கார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை எழுதி அனுப்பினார். போர் நாளில் மாட்சுவோ மலைமேல் ஏறத்தாழ 15,000 பேரோடு நின்ற கோபாயாகாவா ஹிதெயாகி, நண்பகல்வாக்கில் கீழே இறங்கித் தன் பக்கத்துப் படையையே தாக்கினார். நாங்கு மலையில் நின்ற மோரி படை, முன்வரிசையில் நின்ற கிக்காவா ஹிரோயியே அசையாததால் இறங்கவே இல்லை. அன்றைய வெற்றியில் பாதி கடிதங்களால் வந்தது. மெட்சுகே அந்தக் கடிதம்தான், கொஞ்சம் முரட்டு வடிவத்தில்.

ஆற்றுமணல் | பதிவு 11

அதை மறந்துவிட்டேன், நன்றி. ஆனால் பணத்துக்கு மாறுபவர் தனித் தலைவர், குலம் அல்ல.

குலத்துக்கு இருக்கும் ஒரே வழி, ஒரு குலத்தின் கடைசிக் கோட்டையைப் பிடிக்கும்போது அதை வைத்துக்கொள்ளாமல் அவர்களையே திறை செலுத்தும் குலமாக ஆக்கித் திருப்பிக் கொடுப்பது. ரெல்ம் டிவைடுக்கு முன் அப்படி ஆக்கியவர்கள் எனக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். பின்னர் ஆக்கியவர்கள் கணிசமான காலம் நின்றார்கள். மோட்டோசிக்காவுக்கு ஹிதெயோஷி தோசாவைத் திருப்பிக் கொடுத்ததன் நிழலாவது அதில் தெரிகிறது. மேட்டுத்தெரு அதைச் செய்துபார்க்கலாம்; இயோவில் கோட்டை இன்னும் நின்றுகொண்டிருந்தால்.

மேட்டுத்தெரு | பதிவு 12

பத்து நாள் கழித்து வருகிறேன். கோட்டை நிற்கிறது.

பழஞ்சேவகன் அண்ணன் சொன்னபடியே வில்லாளிகளைப் பிரித்து நிறுத்தினேன். முதல் முறை தோற்றேன்; ஈட்டிக்காரர்களை முற்றத்தில் வைக்காமல், மனம் கேட்காமல், சுவரிலேயே விரித்ததால் வந்த வினை. சேமித்ததிலிருந்து மீண்டும் தொடங்கினேன் என்பதை மறைக்கவில்லை. இரண்டாம் முறை கீழ் அடுக்கை விட்டுக்கொடுத்தேன். ஷிமாசு தலைவர், குதிரைப்படை ஐம்பது பேரோடு, வாயிலுக்கு அறுபது எழுபது அடி தொலைவில் வந்து நின்றார். மூன்றாவது அம்பு மழையில் அவருடைய கொடி சாய்ந்தது. மேற்குச் சுவரில் பாதி தூரம் ஏறியிருந்த சாமுராய்கள் அப்படியே நின்று, பிறகு திரும்பினார்கள். என்னிடம் மிஞ்சியது ஒன்பது பிரிவில் மூன்றரை.

அதற்கடுத்த நான்கு ஆண்டுகள் கப்பல்களில் போட்ட பணம் வீண்போகவில்லை. கியூஷூவில் இறங்கினேன். ஷிமாசுவின் மற்றக் கோட்டைகள் விழுந்தபின் சத்சுமா மட்டும் எஞ்சியது. அதையும் பிடித்ததும் ஆட்டம் கேட்டது: வைத்துக்கொள்கிறாயா, திருப்பித் தருகிறாயா? வைத்துக்கொண்டால் வருமானத்துக்கு நல்லது, படைக்கும் நல்லது. திருப்பித் தந்தேன்.

இப்போது 1576 குளிர்காலம். வடக்கே தாதே குலமும் நடுவே உயெசுகியும் இன்னும் என்மேல் வந்துகொண்டிருக்கிறார்கள்; எந்தத் தூதையும் ஏற்பதில்லை. ஆனால் சத்சுமாவிலிருந்து பருவம் தவறாமல் திறை வருகிறது. அவர்களுடைய மனநிலைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். பகைக்கான கழித்தல் எண் அங்கேயும் உட்கார்ந்துதான் இருக்கிறது, பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு. அது திறையை விழுங்குவதற்குள் கியோட்டோவை எட்ட வேண்டும். என் கணக்கில் இன்னும் பதினோரு சுற்று இருக்கிறது.